எங்கட போஸ்டரில் இருந்த பிழை: சாட் ஏரி பற்றி

(எமது பாரிஸ் வட்டத்தின் மாதாந்தக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சுச் சொற்கள் பலவற்றை அப்படியே விட்டிருக்கிறோம்.)



நான் இண்டைக்கு ஒரு ஏரியைப் பற்றிக் கதைக்க வந்திருக்கிறன். அதுக்கு முதல் ஒரு மன்னிப்புக் கேட்க வேணும். போன காலநிலைப் பேரணிக்கு நாங்கள் அடித்த போஸ்டர் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். வரிசையாக நாலு படம். முதற் படத்தில் 1963ஆம் ஆண்டின் சாட் ஏரி, பெரிய நீலத் திட்டாக. அடுத்ததில் சிறிசு. அதற்கடுத்ததில் இன்னும் சிறிசு. கடைசிப் படத்தில் மண்நிறத்துக்கு நடுவே ஒரு சொட்டு நீலம். கீழே கொட்டை எழுத்தில்: "90 வீதம் போய்விட்டது. குடித்தவர் யார்?" அந்த வரியை எழுதினது நான்தான். படத்துக்கு நிறம் போட்டதும் நான்தான். 200 பிரதி அடிச்சம். நல்லா வந்திருக்கெண்டு நீங்கள் எல்லாரும் சொன்னீங்கள், எனக்கும் அப்ப பெருமையாத்தான் இருந்தது.

பேரணி முடியிற இடத்தில ஒரு அக்கா வந்து போஸ்டருக்கு முன்னால நிண்டா. சாட் நாட்டவர். ஏரிக்கரையில் உள்ள பொல் என்ற ஊர்ப்பக்கம். கொஞ்ச நேரம் பார்த்துப்போட்டு, மண்நிறப் பகுதியில் விரலை வைத்து, "இது என்ன?" என்று பிரெஞ்சில் கேட்டா. நான் விளக்கம் சொன்னன்: இதெல்லாம் முந்தித் தண்ணி, இப்ப காய்ஞ்ச நிலம். அவ சிரிக்கேல்ல, கோவிக்கவும் இல்லை. "இதிலதான் என்ர அம்மா சோளம் போடுறா" எண்டா. பிறகு கேட்டா, "நீங்கள் எந்தப் படத்தைப் பார்த்து இதைச் செய்தனீங்கள்? அதில இந்த இடம் பச்சையா இருந்திருக்குமே?"

இருந்தது. எல்லாரும் பகிரும் அந்த வரைபடத்தில் அந்த இடம் பச்சைதான். நாணலும் சதுப்பும், இடையிடையே தண்ணீரும் உள்ள பகுதி என்று அதற்கு அர்த்தம். போஸ்டரில் பச்சை செய்தியைக் குழப்புது என்று நினைத்து அதை மண்நிறம் ஆக்கினவன் நான். யாரும் என்னை ஏமாற்றவில்லை. என்ர கையாலதான் செய்தன்.

அதுக்குப் பிறகு கிட்டத்தட்ட ஒரு வருசமா இதைப் பற்றி வாசிச்சுக்கொண்டிருக்கிறன். அந்த அக்காவோட நாலைஞ்சு தரம் கதைச்சும் இருக்கிறன். அதைத்தான் உங்களோட பகிரப்போறன்.

முதலில் இந்த ஏரி எப்படிப்பட்டது என்பதைச் சொல்ல வேண்டும். சாட், கமரூன், நைஜர், நைஜீரியா ஆகிய நாலு நாடுகளுக்கும் பொதுவான ஏரி. சகாராவின் தெற்கு விளிம்பில் இருக்கிறது. கடலுக்கு ஓடும் வழி இதற்கு இல்லை. வருகிற தண்ணீரில் பெரும்பகுதி வெயிலில் ஆவியாகிப் போகும், கொஞ்சம் நிலத்துக்குள் இறங்கும். அப்படி இறங்கும் தண்ணீர் உப்பையும் கொண்டுபோவதால்தான், வெளியேறும் வழி இல்லாத ஏரியாக இருந்தும் இது நன்னீர் ஏரியாக இருக்கிறது. உள்ளே வரும் ஆற்றுநீரில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் ஷாரி, லொகோன் என்ற இரண்டு ஆறுகளிலிருந்து வருகிறது. இரண்டும் சாட் நாட்டின் தலைநகர் என்ஜமேனாவில் சேர்ந்து வடக்கே போகின்றன. அந்த நகரின் பழைய பெயர் ஃபோர்-லாமி. ஒரு பிரெஞ்சுப் படை அதிகாரியின் பெயரை வைத்திருந்தார்கள்.

இன்னொரு விசயம், இதுதான் எனக்கு முதலில் பிடிபடாமல் போனது. ஏரி பரந்தது, ஆனால் ஆழமில்லை. ஒரு தட்டில் தண்ணி ஊத்தின மாதிரி நினைச்சுக்கொள்ளுங்கோ. ஒரு மீட்டர் ஏறினால் கரை கிலோமீட்டர் கணக்கில் விரியும், ஒரு மீட்டர் இறங்கினால் கிலோமீட்டர் கணக்கில் சுருங்கும். இது ஒவ்வொரு வருசமும் நடக்கிறது. தெற்கே ஓகஸ்ட், செப்டெம்பரில் பெய்யும் மழை ஆறுகளில் மெதுவாக நடந்து வந்து, டிசம்பர் ஜனவரியில்தான் ஏரியை நிறைக்கிறது. அதாவது சுற்றிவர வெயில் காயும் காலத்தில் ஏரியில் வெள்ளம். பிறகு தண்ணீர் வடிய வடிய, ஈரம் காயாத அந்த நிலத்தில் சனம் சோளம், கௌபி, வத்தாளங்கிழங்கு எல்லாம் போடுகிறார்கள். உரம் தேவையில்லை, வெள்ளம் கொண்டுவந்த வண்டல் இருக்கிறது. வடிந்த இடத்தில் புல் வளரும், மாடு வரும். தீவுகளில் வாழும் யெடினா மக்களிடம் கூரி என்று ஒரு மாட்டினம் இருக்கு. கொம்பு ஊதின பலூன் மாதிரி. அந்த மாடுகள் தீவுக்குத் தீவு நீந்திப் போகும். நான் வீடியோவில பார்த்து வாயைப் பிளந்தன்.

ஆக, ஒரே நிலம் ஆறு மாதம் மீன்பிடி இடம், பிறகு தோட்டம், பிறகு மேய்ச்சல் தரை. மீனவரும் கமக்காரரும் மேய்ப்பரும் ஒரே குடும்பத்தில் இருக்கலாம். தண்ணீரோடு சேர்ந்து நகர்வதுதான் அங்கே வாழ்க்கை முறை. இதை மனதில் வைத்துக்கொண்டு மிச்சத்தைக் கேளுங்கோ.

சரி, 90 வீதம் என்ற கணக்கு பொய்யா? பொய் இல்லை. 1960களின் தொடக்கத்தில் ஏரி ஏறத்தாழ 25,000 சதுர கிலோமீட்டர் இருந்தது. 1980களின் நடுவில் திறந்த நீர்ப்பரப்பு 2,000 சதுர கிலோமீட்டருக்கும் கீழே போனது. ஆனால் அந்த 25,000 என்பது விசேஷமாக மழை பெய்த ஆண்டுகளின் உச்சம். 1908இல் பிரெஞ்சு அதிகாரி ஜோன் திலோ அங்கே போனபோதும் ஏரி சுருங்கித்தான் இருந்தது என்று பதிவு செய்திருக்கிறார். ஆறாயிரம் ஆண்டுகளுக்கு முன் காஸ்பியன் கடலோடு ஒப்பிடக்கூடிய அளவில் இருந்த ஏரி இது. கூடியும் குறைந்தும்தான் வந்திருக்கிறது. உச்சத்தை ஒரு பக்கம், அடிமட்டத்தை மறுபக்கம் வைத்துப் படம் எடுத்தால் யாருக்கும் பயம் வரும்.

அதைவிட முக்கியமானது, 1980களுக்குப் பிறகு என்ன நடந்தது என்பது. மழை ஓரளவு திரும்பியது. ஏரியும் ஓரளவு திரும்பியது. சதுப்பையும் சேர்த்துப் பார்த்தால் பரப்பு இன்று பல மடங்கு பெரிசு. 2001 முதல் 2018 வரையான செய்மதித் தரவுகளை ஆராய்ந்து 2020இல் வெளிவந்த ஆய்வு, இந்த இரண்டு தசாப்தத்தில் ஏரி சுருங்கவில்லை என்கிறது. இது தெரிந்திருந்தும் செய்திகள் மாறவில்லை. 2009இல் ஐ.நா.வின் உணவு வேளாண்மை நிறுவனம், இன்னும் 20 ஆண்டில் ஏரி மறைந்துபோகலாம் என்று எச்சரித்தது. அந்த எச்சரிக்கையை இண்டைக்கும் ஆட்கள் பகிர்ந்துகொண்டிருக்கினம். நானும் பகிர்ந்தன்.

இங்கே ஒரு தோழர் போன கிழமை என்னிடம் கேட்டவர்: "அப்ப காலநிலை மாற்றம் இல்லை எண்டு சொல்ல வாறியோ? வலதுசாரிகள் இதைத் தூக்கிக்கொண்டு ஓடுவாங்களே?" நல்ல கேள்வி. 1972-73, 1983-84 ஆண்டுகளின் வறட்சி உண்மை. சாஹேல் முழுதும் சனம் பட்டினியில் செத்தது உண்மை, மந்தை மந்தையாக மாடு செத்தது உண்மை. 1973இல் ஏரியின் நடுவே மணல்மேடு வெளியே தெரிந்து, ஏரி வடக்கு, தெற்கு என்று இரண்டாகப் பிரிந்தது. நைஜரும் நைஜீரியாவும் சாட்டும் தொடும் வடக்குப் பகுதி பல ஆண்டுகள் முழுதாகவே வற்றியது. தெற்குப் பகுதி ஓரளவு நிலையாக இருக்க, வடக்கு இன்னும் நம்பமுடியாத நிலையில்தான் இருக்கிறது. இதையெல்லாம் மறுக்க நான் வரவில்லை.

ஆனால் அந்த வறட்சிக்கு யாரைக் குற்றம் சொன்னார்கள் என்று பாருங்கள். 1975இல் அமெரிக்காவின் ஜூல் சார்னி என்ற பெரிய வானிலை விஞ்ஞானி ஒரு கோட்பாடு வைத்தார். மாடுகள் அளவுக்கு மிஞ்சி மேய்ந்ததால் நிலம் வெறுமையாகி, வெறும் நிலம் வெயிலைத் திருப்பி அனுப்ப, மழை குறைந்தது என்பது அவர் வாதம். சுருக்கமாச் சொன்னால், மேய்ப்பர்தான் மழையை விரட்டினவர்கள். அந்த எண்ணம் உதவித் திட்டங்களிலும் அரசுக் கொள்கைகளிலும் நீண்டகாலம் குந்திக்கொண்டிருந்தது. 2003இல் வந்த ஆய்வு, பிரதான காரணம் கடல் வெப்பநிலையில் ஏற்பட்ட மாற்றம் என்று காட்டியது. ஐரோப்பா, வட அமெரிக்கத் தொழிற்சாலைகள் அந்தக் காலத்தில் கக்கிய கந்தகப் புகை வட அட்லாண்டிக் கடலைக் குளிரச் செய்து, சாஹேலின் மழையைத் தெற்கே தள்ளியதில் பங்கு வகித்தது என்று வேறு ஆய்வுகள் சொல்கின்றன. இந்தப் பக்கத்து நிலக்கரிப் புகைக்கு அந்தப் பக்கத்து மாடு செத்திருக்கிறது. எங்கட போஸ்டரில் "குடித்தவர் யார்?" எண்டு கேட்டம். அந்தக் கேள்வி சும்மா பக்கத்தில நிக்கிற கமக்காரனையும் மீன்பிடிகாரனையும் காட்டிக்கொண்டு நிண்டது. உண்மையான பதில் ரூர், லங்காஷயர், பிட்ஸ்பர்க் பக்கம் போயிருக்க வேணும்.

நீர்ப்பாசனத்துக்கு எடுத்த தண்ணீருக்கும் பங்கு உண்டு, ஆனால் மழை பொய்த்ததுதான் பிரதானம் என்பது பெரும்பாலான ஆய்வாளர்கள் நிலைப்பாடு. பெரிய பாசனத் திட்டங்களின் கதை சோகமான பகிடி. நைஜீரியா 1970களில் தெற்கு சாட் நீர்ப்பாசனத் திட்டம் என்று தொடங்கியது. எண்ணெய்க் காசு வந்த காலம். 67,000 ஹெக்டேயருக்குத் தண்ணீர் கொடுக்கப்போகிறோம் என்று கால்வாய் வெட்டி, பம்பு பூட்டினார்கள். 1980களில் ஏரி பின்வாங்க, கால்வாயின் வாய் காய்ந்த மண்ணில் நிண்டது. உள்ளூர்ச் சனம் பம்புக்குக் காத்திருக்கவில்லை. தண்ணீர் போன பக்கம் எழும்பிப் போய், அது விட்ட நிலத்தில் பயிர் போட்டது.

அப்படிப் போனவர்களுக்கு எல்லைக்கோடு வந்து முன்னால நிண்டது. நைஜீரியாவிலிருந்து தண்ணீரைத் தொடர்ந்து போன மீனவர்கள் டாரக் போன்ற இடங்களில் ஊர் அமைத்தார்கள். அவர்களுக்குப் பின்னால் நைஜீரிய நிர்வாகமும் போலிசும் வந்தது. அந்த இடம் எங்களுடையது என்று கமரூன் சொன்னது. பகாசி தீபகற்பத்தோடு சேர்த்து வழக்கு ஹேக்கில் உள்ள சர்வதேச நீதிமன்றத்துக்குப் போனது. 2002 ஒக்டோபரில் தீர்ப்பு கமரூனுக்குச் சார்பாக வந்தது. எதை வைத்துத் தீர்த்தார்கள் என்றால், 1929-30இல் பிரித்தானிய ஆளுநர் தொம்சனும் பிரெஞ்சு ஆணையாளர் மார்ஷானும் கையெழுத்திட்ட ஒரு ஆவணத்தை வைத்து. இருவரும் வெள்ளைக்கார அதிகாரிகள். நகருகிற ஏரிக்குள்ள நகராத கோடு கீறிப்போட்டுப் போனவை. அந்தக் கோட்டின் எந்தப் பக்கம் மீன் வலை விழுகுது என்பதில் இப்ப பாஸ்போர்ட் கேட்கினம்.

இனி யுத்தம். 2009இல் மைதுகுரியில் தொடங்கிய பொக்கோ ஹராம் கிளர்ச்சியும் அதை நசுக்கிய அரச வன்முறையும் உங்களுக்குத் தெரியும். 2015 ஜனவரியில் ஏரிக்கரையில் உள்ள பாகா என்ற மீன்சந்தை நகரம் தாக்கி எரிக்கப்பட்டது. நைஜீரியாவின் மிகப் பெரிய மீன்சந்தைகளில் ஒன்று அது. புகைபோட்ட மீனை 'பண்டா' என்பார்கள், அது அங்கிருந்து லொறியில் நாடு முழுக்கப் போகும். இதற்கு அரசுகள் கொடுத்த பதில் என்ன? மீன் வியாபாரத்துக்குத் தடை. படகுக்குத் தடை. நைஜரின் டிஃபா பிரதேசத்தில் 2015 பெப்ரவரியில் அவசரகாலச் சட்டம் போட்டு மோட்டார் சைக்கிளைத் தடை செய்தார்கள், மீன்பிடியைத் தடை செய்தார்கள், அந்த ஊரின் 'சிவப்புத் தங்கம்' என்று பெயர்போன மிளகாயின் வியாபாரத்தையும் தடை செய்தார்கள். மே மாதத்தில் ஏரித் தீவுகளை விட்டு எல்லாரும் வெளியேற வேண்டும் என்று கட்டளை. ஆயிரக்கணக்கானோர் சில நாளில் மூட்டை முடிச்சோடு நடந்தார்கள். வழியில் செத்தவர்களும் உண்டு. அதே ஆண்டு நவம்பரில் சாட் அரசும் ஏரிப் பிரதேசத்தில் அவசரகாலம் அறிவித்தது.

காரணம், மீன் வியாபாரத்தின் காசு ஆயுதக்காரரிடம் போகிறது என்பது. போனது உண்மை. ஆனால் அரசு தடை செய்த இடத்தில், பொக்கோ ஹராமிலிருந்து பிரிந்த ஐ.எஸ். கிளை வந்து தீவுகளில் வரி வாங்கிக்கொண்டு மீன்பிடிக்க விட்டது. ஒரு பக்கம் ஆமி விடாது, மறுபக்கம் ஆயுதக்குழு காசுக்கு விடும். பசியோடு இருக்கிறவன் எந்தப் பக்கம் போவான் எண்டு அரசியல் படிச்சுத்தான் தெரியவேணுமெண்டில்லை.

இதை வாசிக்கேக்க எனக்கு வீடு ஞாபகம் வந்தது. எங்கட அப்பா கடற்தொழிலாளி இல்லை, ஆனால் யாழ்ப்பாணத்தில் கடல் தடை என்றால் என்ன என்று அவருக்குத் தெரியும். பாஸ் இல்லாமல் கடலுக்குப் போக ஏலாது, நேவி சொல்லும் நேரத்துக்கு மேல நிக்க ஏலாது. பக்கத்தில் கடல் இருக்க, சந்தையில் மீன் இல்லாத நாட்கள். இரண்டு யுத்தமும் ஒன்று என்று நான் சொல்லேல்ல, அப்படிச் சொல்லிச் சொல்லியே நாங்கள் மற்றவனின் கதையைக் கேளாமல் விட்டிருக்கிறம். நான் சொல்லுறது இவ்வளவுதான்: தண்ணி இருந்தும் இறங்க ஏலாத நிலைமை எங்களுக்குப் புதிசில்லை. அந்த அக்கா ஒருநாள் தேத்தண்ணி குடிச்சுக்கொண்டிருக்கேக்க அதே வார்த்தையைச் சொன்னா: "தண்ணி இருக்கு. போகத்தான் விடீனமில்லை."

இப்ப அரசுகளும் ஐ.நா.வும் இதை எப்படிச் சொல்கின்றன என்று பார்த்தால், ஏரி வற்றியது, வேலை போனது, இளைஞர் ஆயுதம் ஏந்தினர், ஆகவே பயங்கரவாதம். ஒரே நேர்கோடு. 2017 மார்ச்சில் பாதுகாப்புச் சபை 2349ஆம் இலக்கத் தீர்மானத்தை நிறைவேற்றி, காலநிலையையும் பாதுகாப்பையும் ஒரே தாளில் வைத்தது. அந்தக் கோட்டில் எவ்வளவு விசயம் வசதியாக மறைந்துபோகிறது! ஊழல், போலிஸ் சித்திரவதை, பள்ளிக்கூடம் இல்லாமை, மீன்பிடித் தடை எல்லாம் மறைந்து, வானம் மட்டும் குற்றவாளியாக நிற்கிறது. வானத்தை யாரும் கூண்டில் ஏற்ற மாட்டார்கள். பிரான்ஸ் படை இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டே பல ஆண்டு என்ஜமேனாவில் தளம் வைத்திருந்தது. 2024 நவம்பரில் சாட் பாதுகாப்பு உடன்படிக்கையை முறித்து, 2025 ஜனவரியோடு அது வெளியேறியது. அதனால் ஏரிக்கரையில் விடிஞ்சிட்டுது எண்டு நினைக்காதீங்கோ. தடை போட்டதும் எடுக்காமல் இருந்ததும் அந்தந்த நாட்டு அரசுகள்தான். காலனியத்தைச் சொல்லி உள்ளூர் ஆளும் வர்க்கத்தைத் தப்பவிடுற பழக்கம் எங்களிட்டையும் இருக்கு.

"ஏரி சாகிறது" என்ற படம் வேறு யாருக்கு உதவுகிறது? இத்தாலியின் பொனிஃபிக்கா என்ற பொறியியல் நிறுவனம் 1970களிலிருந்தே ட்ரான்ஸ்அக்குவா என்று ஒரு திட்டத்தைத் தூக்கிக்கொண்டு திரிகிறது. கொங்கோ ஆற்றின் வலப்பக்கக் கிளையாறுகளை மறித்து, 2,400 கிலோமீட்டர் நீளக் கால்வாய் வெட்டி, ஆண்டுக்கு 50 முதல் 100 பில்லியன் கன மீட்டர் தண்ணீரை ஷாரிக்குத் திருப்புவது. ஒப்பீட்டுக்குச் சொன்னால், ஷாரி நல்ல காலத்தில் ஏரிக்குக் கொண்டுவந்தது 40 பில்லியன் அளவு. செலவு 50 பில்லியன் டொலர் என்று பேசப்படுகிறது. கால்வாயில் கப்பல் ஓடும், மின்சாரம் வரும், பக்கத்தில் தொழில் வலயம் வரும். 2017இல் சீன அரச நிறுவனமான பவர்சைனாவும் கைகோர்த்தது. 2018 பெப்ரவரி, அபுஜாவில் மாநாடு. வேறு ஆற்றுப்படுகையிலிருந்து தண்ணீர் கொண்டுவருவது ஒரு தெரிவு அல்ல, அவசியம் என்று அங்கே தீர்மானித்தார்கள். சாத்தியக்கூறு ஆய்வுக்கு இத்தாலி அரசு காசு தர ஒப்புக்கொண்டது. இதைவிடச் சிறிய திட்டம் ஒன்றும் உண்டு, ஊபாங்கி ஆற்றிலிருந்து பம்பு பண்ணுவது. ஆனால் ஊபாங்கியே 1970களிலிருந்து மெலிந்துபோய், கோடையில் மாதக்கணக்கில் படகு ஓட முடியாமல் கிடக்கிறது.

மூன்று கேள்வியை மட்டும் கேட்டுப் பாருங்கள். கொங்கோக் காட்டில் அந்தக் கால்வாய் போகும் வழியில் இருக்கிற சனத்திடம் யார் கேட்டது? கடனை யார் கட்டுவது? அவ்வளவு தண்ணீர் உண்மையில் வந்து ஏரி 1963 அளவுக்கு ஏறினால், இன்று வடிநிலத்தில் பயிர் செய்யும் லட்சக்கணக்கான குடும்பம் எங்கே போகும்? அந்த அக்காவின் அம்மா நிற்கிற இடத்தில் தண்ணீர் நிற்கும். எங்கட போஸ்டரில் மண்நிறம், அவங்கட வரைபடத்தில் நீலம். இரண்டிலும் அந்த அம்மா இல்லை.

இதைச் சொல்லேக்க ஒன்றை ஒளிக்கக்கூடாது. அங்கே நிறையப் பேர் இந்தக் கால்வாயை விரும்புகிறார்கள். ஏமாந்துபோனவர்கள் என்று நான் அவர்களைச் சொல்லமாட்டேன். வடக்குக் கரையில், நைஜர் பக்கம், உண்மையாகவே ஏரியை இழந்தவர்கள் இருக்கிறார்கள். ஆபிரிக்கத் தண்ணீரை ஆபிரிக்கர் பகிர்ந்துகொள்வது பான்-ஆபிரிக்கக் கனவு என்று வாதிடும் இடதுசாரிகளும் உண்டு. அந்த அக்காவின் அண்ணனும் கால்வாய் வேணும் என்ற கட்சி, இருவரும் போனில் சண்டை பிடிப்பார்களாம். பாரிஸில் இருந்துகொண்டு அந்தச் சண்டையைத் தீர்க்கிற உரிமை எனக்கு இல்லை. எனக்கு ஒரு சாய்வு இருக்கு, அதை மறைக்கேல்ல, அவ்வளவுதான்.

சாய்வுக்குக் காரணம் கமரூனில் நடந்த ஒரு சின்ன வேலை. இதைக் கொஞ்சம் நின்று சொல்ல விருப்பம், ஏனென்றால் இதற்குப் போஸ்டர் யாரும் அடிக்கவில்லை. லொகோன் ஆறு வருசா வருசம் கரைபுரண்டு வாஸா பக்கத்து வெள்ளச் சமவெளியை நனைக்கும். அந்த வெள்ளத்தில்தான் மீன் குஞ்சு பொரிக்கும், வடிந்த பிறகு மேய்ப்பர் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நடந்து வந்து மாடு மேய்ப்பார்கள். 1979இல் அரசாங்கம் நெல் விளைவிக்க என்று மாகா அணைக்கட்டைக் கட்டியது, ஆற்றோரம் அணையும் போட்டது. வறட்சியும் சேர்ந்துகொள்ள, சமவெளியின் பெரும்பகுதிக்கு வெள்ளம் வராமல் நின்றது. புல் மாறியது, மீன் போனது, கொடோகோ மீனவர்கள் ஊரை விட்டு எழும்பினார்கள். 1994இல், உள்ளூர் மக்களோடு பேசி, ஆற்றோர அணையில் ஓரிடத்தைத் திறந்துவிட்டுப் பார்த்தார்கள். 1997இல் இன்னொரு இடத்தைத் திறந்தார்கள். வெள்ளம் திரும்பியது. ஆண்டு முழுக்க நிற்கும் புல் திரும்பியது. மீனும் பறவையும் மாடும் திரும்பின. கால்வாய் வெட்டாமல், வேறு ஆற்றை மறிக்காமல், ஏற்கனவே கட்டியதில் ஒரு வாயைத் திறந்ததால் நடந்தது.

நைஜீரியாவிலும் இதே கேள்விதான். 1974இன் டிகா, 1992இன் சலாவா கோர்ஜ் அணைகள் வந்த பிறகு யோபே ஆற்றின் வெள்ளம் குறைந்து, எந்நேரமும் கொஞ்சமாக ஓடும் தண்ணீரில் சம்புப் புல் அடர்ந்து வாய்க்கால்களை அடைத்துவிட்டது. வெட்டவேண்டியது அந்தப் புல்லை, திறக்கவேண்டியது மதகைச் சரியான மாதத்தில். நாலு நாடுகளும் சேர்ந்து 1964இல் உருவாக்கிய சாட் ஏரிப் படுகை ஆணைக்குழு 2012இல் ஒரு நீர்ப் பட்டயத்தை ஏற்றுக்கொண்டது. மேலே அணை கட்டுகிறவன் கீழே உள்ளவனைக் கேட்கவேண்டும், ஆறு உயிரோடு இருக்கத் தேவையான தண்ணீரை விடவேண்டும் என்றெல்லாம் அதில் இருக்கிறது. கவர்ச்சியான விசயம் இல்லை. சமவெளியின் மதகு எந்த மாதத்தில் திறக்கவேண்டும் என்று கோஷம் போட ஏலுமா? ஆனால் ஷாரியும் லொகோனும் தடையில்லாமல் ஏரிக்கு வருவதில்தான் எல்லாம் தங்கியிருக்கு.

மற்றது, அங்கே இப்போது அதிகம் பயப்படுகிற விசயம் தண்ணீர் கூடுவது. 2022இல் ஷாரியும் லொகோனும் பெருக்கெடுத்து என்ஜமேனாவின் பல வட்டாரங்கள் மூழ்கின. 2024 செப்டெம்பரில் மைதுகுரிக்கு மேலே உள்ள அலாவ் அணை உடைந்து நகரம் தண்ணீரில் போனது. லட்சக்கணக்கானோர் வீடிழந்தார்கள். அதில் பலர் யுத்தத்தால் ஏற்கனவே இடம்பெயர்ந்து வந்தவர்கள். இதுதான் காலநிலை மாற்றம் அங்கே காட்டுற முகம்: ஒரு வருசம் இல்லை, அடுத்த வருசம் அளவுக்கு மிஞ்சி. வற்றிக்கொண்டே போகிற ஏரி என்ற ஒரே படத்தை வைத்திருக்கிறவனுக்கு வெள்ளம் கண்ணில் படாது. மைதுகுரி வெள்ளத்தைப் பற்றி எங்கட குழுவில ஒருத்தரும் ஒரு வரி எழுதேல்ல. நானும்தான்.

ஏரியை மீட்கிறது எண்டால் என்ன எண்டு அக்காவிட்டக் கேட்டன். அவ ஏரியைப் பற்றியே கதைக்கேல்ல. படகு ஓட விடவேணும், சந்தை நாள் திரும்ப வரவேணும், எல்லை தாண்டி மாடு போகவேணும், வடிநிலம் யாருக்கு என்பதை ஊர்ச்சனம் தீர்மானிக்கவேணும், பெரிய ஆள் ஒருத்தன் கடதாசியோட வந்து வேலி போடக்கூடாது எண்டா. பொல் பக்கத்தில் கனெம்புப் பெண்கள் குட்டைகளில் ஒரு நீலப்பச்சைப் பாசியை அள்ளிக் காயவைத்து விற்பார்கள், டிஹே என்று பெயர். இஞ்ச கடையில ஸ்பிருலினா எண்டு குப்பியில விலைக்கு விக்கிற அதே சாமான். அது விற்கப் போகிற பெண்ணை எத்தனை சோதனைச் சாவடியில் மறிக்கிறார்கள், ஒவ்வொன்றிலும் எவ்வளவு கொடுக்கவேண்டும் என்று அவவுக்குக் கணக்குத் தெரியும். எனக்கு ஏரியின் சதுர கிலோமீட்டர்தான் தெரிஞ்சிருந்தது.

என்ர வீட்டு நிலவறையில் இன்னும் 60 போஸ்டர் கிடக்குது. குப்பையில் போடுவம் எண்டு சொன்னன், அக்கா வேண்டாமெண்டிட்டா. பச்சை மை வாங்கி அந்த மண்நிறத்துக்கு மேல அடிக்கலாம், கீழ இருக்கிற வரியை மாத்தலாம், என்ன எழுதுறதெண்டு தான் வந்து சொல்லுறன் எண்டா. வாற மாதக் கூட்டத்துக்கு அவவும் இன்னும் ரெண்டு சாட் நாட்டுத் தோழர்களும் வருகினம். அவை பிரெஞ்சிலதான் கதைப்பினம். பின்னால இருக்கிற அம்மாமாருக்கும் விளங்க வேணும், அதால தமிழில் சொல்ல ரெண்டு பேர் தேவை. ஆர் செய்யிறீங்கள் எண்டு கூட்டம் முடிய என்னட்டச் சொல்லுங்கோ. பச்சை மை நான் வாங்கிறன்.